பால்மரக் காட்டில் மின்னல்

போன மாதம் அண்ணன் மகள் புலனத்தில் ஒரு காணொலி அனுப்பினாள். எட்டே விநாடி. களிமண் பொம்மை ஒன்று தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகிறது. படிவம் நான்கில் படிக்கிறாள். பள்ளிக் குறும்படப் போட்டிக்காக எடுத்தது. பொம்மை வேறு யாருமில்லை, அவள் பாட்டி. அதாவது என் அம்மா.

விநாடிக்கு 12 படம் என்றால் எட்டு விநாடிக்கு 96 படம். ஒவ்வொரு படத்துக்கும் பொம்மையை நூலளவு நகர்த்தி, கையை எடுத்து, பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு இரவு தூங்காமல் செய்திருக்கிறாள். ஆனால் ஓடவிட்டுப் பார்த்தால் படம் முழுக்க வெளிச்சம் துடிக்கிறது. அம்மாவிடம் காட்டினோம். "என்னடா இது, மின்னல் வெட்டுது? மழை வந்தா யாரு மரம் வெட்டப் போவா?" என்றார்.

பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. "எனக்குக் கை வரல சித்தப்பா, விட்டுடறேன்." போட்டிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

இருபது வருடம் கல்யாணப் படம் எடுத்தவன் நான். எனக்குத் தெரியாததா என்று போய் நின்றேன். முதலில் கேமராவில் தானியங்கியாக இருந்தவற்றை எல்லாம் அணைத்தேன்; வெள்ளைச் சமநிலை மட்டும் அவள் மறந்திருந்தாள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. மேலே சுற்றிய காற்றாடியை நிறுத்தினேன். பிறகு விளக்கின் மேல் சந்தேகம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகமாக இருந்தால் அந்தத் துடிப்பு படத்துக்குப் படம் மாறி விழும். அரை விநாடி திறந்து வைத்தால் ஐம்பது துடிப்புகள் ஒன்றாகக் கலந்து சமமாகிவிடும். அதையும் செய்தேன். பொம்மைக்கு வியர்க்காதுதான், எங்கள் இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது. மின்னல் மட்டும் நிற்கவில்லை.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பொம்மையைத் தொடவே தொடாமல் 24 படம் எடுத்தோம். அதிலும் துடிப்பு. ஆக, அவள் கையில் பிழையில்லை. அடுத்து லென்ஸின் துளையை முழுக்கத் திறந்துவிட்டு இன்னொரு 24 படம். சுவர் போல அசையாமல் நின்றது வெளிச்சம்!

குற்றவாளி லென்ஸ்தான். இன்றைய லென்ஸில் நீங்கள் எஃப் 11 என்று வைத்தாலும் உள்ளே இருக்கும் தகடுகள் உடனே சுருங்குவதில்லை. நாம் பார்க்க வெளிச்சம் வேண்டும் என்பதால் துளை முழுக்கத் திறந்தே இருக்கும். பொத்தானை அழுத்தும் கணத்தில் தகடுகள் சுருங்கி, படம் பதிந்ததும் மறுபடி விரியும். 96 படத்துக்கு 96 முறை. ஒவ்வொரு முறையும் மயிரிழை கூடக்குறைய நிற்கும். கல்யாண வீட்டில் இது யாருக்குத் தெரியும்? தனித்தனிப் படமாகப் பார்த்தால் எனக்கே தெரியாது. அடுக்கி ஓடவிட்டால் மின்னல். துளை சிறிதாக ஆக அந்த மயிரிழை பெரிய வித்தியாசமாகத் தெரியும். எஃப் 22 இன்னும் மோசம். விடியற்கால வானம் மாதிரி வெறிச்சென்ற பின்னணியில் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படியானால் முழுக்கத் திறந்தே எடுக்கலாமே என்பீர்கள். விரல் நீளப் பொம்மையை அவ்வளவு அருகில் வைத்து எடுக்கும்போது, மூக்கு தெளிந்தால் காது மங்கிவிடும். மரம் சுத்தமாகக் காணாமல் போகும்.

சில கேமராக்களில் ஒரு வழி உண்டு. துளையை முன்கூட்டியே சுருக்கிப் பார்க்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, லென்ஸைக் கழற்றுவது போலக் கொஞ்சம் திருப்பினால் மின்தொடர்பு அறுந்து, தகடுகள் சுருங்கிய இடத்திலேயே நின்றுவிடும். எல்லா மாடலிலும் இது நடக்காது. நடந்தாலும் லென்ஸ் பாதிப் பூட்டில் தொங்குகிறது என்பதை மறக்கக் கூடாது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

அலமாரியில் என் பழைய ஃபிலிம் கேமராவின் 50 மில்லிமீட்டர் லென்ஸ் தூங்கிக்கொண்டிருந்தது. துளையைக் கையால் திருப்பும் வளையம் உள்ள லென்ஸ். இடையில் ஓர் இணைப்பு வளையம் போட்டு அவள் கேமராவில் மாட்டினோம். எஃப் 8ல் திருப்பி வைத்தால், நாமாகத் தொடும்வரை அது எஃப் 8தான். 2005ல் டிம் பர்ட்டனும் மைக் ஜான்சனும் இயக்கிய 'கார்ப்ஸ் பிரைட்' படத்தையே கேனன் கேமராவில் நிக்கோன் லென்ஸ் மாட்டித்தான் எடுத்தார்கள். சொன்னதும் பிள்ளைக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. துடிப்பைக் குறைக்கக் கணினியில் மென்பொருள் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அவள் வேண்டுமென்றே வைத்த தலைவிளக்கின் அசைவையும் அது தட்டிச் சமமாக்கிவிடுமோ என்று எனக்குப் பயம்.

மறுபடி 96 படம். இந்த முறை 40வது படத்துக்கு அருகில் ஒரே ஒரு பளிச். தேடிப் பார்த்தால் நான்தான்! வெள்ளைச் சட்டையோடு மேசைப் பக்கம் போய் நின்றிருக்கிறேன். "சித்தப்பா, தயவுசெய்து கறுப்புச் சட்டை போட்டுட்டு வாங்க" என்று விரட்டிவிட்டாள். அந்த ஆறேழு படங்களை மட்டும் திரும்ப எடுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். வெளிச்சம் அசையவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று முறை பார்த்தார். பேத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மின்னல் போச்சு. ஆனா கோடு மாறியிருக்கே ஆயி. இடப்பக்கம் மேலேருந்து வலப்பக்கம் கீழே இறங்கணும். நீ திருப்பி வெட்டியிருக்கே. இப்படி வெட்டுனா அந்தக் கங்காணி என்னை மங்காலயே அடிப்பான்."

போட்டிக்கு நான்கு நாள் இருக்கிறது. மரத்துக்குப் புதுக் களிமண் வாங்கியாகிவிட்டது. நான் கறுப்புச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.