இரும்புக் கவச நத்தையும் எழுதப்படாத கணக்கும்

எல்கடுவ மலைச்சரிவில் இருந்துகொண்டு ஆழ்கடல் நத்தைக்காக வாதாடுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், கணக்கெடுக்கும் முன்னரே அழித்துவிடுவதன் விளைவை மலையகம் நன்கறியும். அதனாலேயே இதனை எழுதுகிறேன்.

இந்து சமுத்திரத்தில், மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 2,400 மீற்றர் ஆழத்திலுள்ள கைரெய் வெந்நீர் ஊற்றருகே 2001ஆம் ஆண்டு ஒரு விந்தை நத்தை கண்டறியப்பட்டது. அதன் காலைச் செதில்கள் போர்த்தியிருந்தன. அச்செதில்களில் இரும்புச் சல்பைட்டு படிந்திருந்தது. பின்னர் சொலிடேர் என்னும் ஊற்றில் அதே வடிவில், ஆனால் இரும்புப் படிவற்ற வெண்ணிற நத்தைகள் கிடைத்தன. இவை வேறு இனமா?

மரபணு அடையாளங்களே விடை தந்தன. இழைமணியிலுள்ள ஒரு மரபணுவின் எழுத்து வரிசையை ஒப்பிட்டபோது, கறுப்பும் வெள்ளையும் நெருங்கிய உறவினர் எனத் தெரிந்தது. மாறாக, இரண்டாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள லொங்சி ஊற்றில் வாழும் கவச நத்தைகள் ஏனையவற்றுடன் அரிதாகவே கலந்துள்ளன என 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. கண் பிரித்ததை மரபணு சேர்த்தது. கண் சேர்த்ததை மரபணு பிரித்தது.

இது வெறும் ஆய்வுகூடச் செய்தியன்று. ஓர் ஊற்றின் நத்தைகள் அழிந்தால் வேறோர் ஊற்றின் குஞ்சுகள் வந்து அவ்விடத்தை நிரப்பும் என்ற நம்பிக்கையை இம்முடிவு தகர்க்கிறது. அதே ஊற்றுகளில் செம்பும் துத்தநாகமும் பொன்னும் படிந்துள்ளன. சர்வதேசக் கடற்படுகை அதிகார சபை வழங்கிய ஆய்வு உரிமங்களுள் லொங்சி சீனாவின் பகுதியிலும் கைரெய் ஜேர்மனியின் பகுதியிலும் அடங்குகின்றன. இந்தியாவும் இதே சமுத்திரத்தில் 2016இல் ஒப்பந்தம் பெற்றது. ஆழ்கடல் அகழ்வு அச்சுறுத்தலின் காரணமாகச் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்ற முதல் உயிரினம், 2019இல் சேர்க்கப்பட்ட இந்த நத்தையே.

உலகுக்கு உலோகம் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் எமது மலைக்காடுகளை வெட்டியவர்கள், அங்கு வாழ்ந்தவற்றை எண்ணிப் பார்க்கவில்லை. இன்று சில தவளையினங்கள் அருங்காட்சியகப் போத்தல்களில் மட்டுமே எஞ்சியுள்ளன.

இலங்கை, தனது கண்டமேடை எல்லையை விரிவாக்க 2009ஆம் ஆண்டிலேயே ஐக்கிய நாடுகள் ஆணைக்குழுவிடம் கோரிக்கை சமர்ப்பித்தது. கடற்படுகையில் உரிமை கோரும் நாடு அதன் உயிர்களுக்கும் பொறுப்பேற்க வேண்டும். ஒவ்வோர் ஊற்றின் உயிரினங்களுக்கும் மரபணுக் கணக்கு முடியும் வரை அங்கு எவருக்கும் அகழ்வு அனுமதி வழங்கலாகாது என இலங்கை அச்சபையில் உரத்துச் சொல்லவேண்டும். முதலில் கணக்கு, பின்னரே கடப்பாரை.