ஓரிதழ்த் தாமரையை வேரோடு பிடுங்கலாமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

நம் கல்லூரி மைதானத்தின் மேற்கு மூலையில், வேலியோரச் செம்மண்ணில், மழைக்குப் பிறகு ஓரிதழ்த் தாமரை பூக்கிறது. செடி ஓர் அடி உயரம்கூட இராது. பந்து எடுக்க ஓடுகிறவர் கண்ணில் படாது. "இதைப் பற்றி எழுத என்னடா இருக்கிறது?" என்று வகுப்பு நண்பன் கேட்டான். இருக்கிறது. அதில் பாதியை நாங்களே அழித்திருக்கிறோம்.

முதலில் பூவைப் பார்ப்போம். தாமரைக்கும் இதற்கும் உறவில்லை. இது வயோலேசி குடும்பம். இதழும் ஒன்றல்ல, ஐந்து. கீழ் அல்லி இதழ் மட்டும் இளஞ்சிவப்பாக அகன்று விரிய, மற்ற நான்கும் சிறுத்து அதன் பின்னே ஒடுங்கி நிற்கின்றன. பெயர் வைத்த நம் முன்னோர் எண்ணத் தெரியாதவர்கள் அல்லர். கண்ணில் படுவதைச் சொன்னார்கள். தேடி வரும் பூச்சிக்கும் அந்த ஓரிதழ்தானே இறங்குதுறை! 1753இல் லின்னேயஸ் இதை வயோலா பேரினத்தில் வைத்தார். பின்னர் ஹைபாந்தஸ் எனியஸ்பெர்மஸ் ஆயிற்று. எனியஸ்பெர்மஸ் என்றால் ஒன்பது விதை உடையது. மூன்றாக வெடிக்கும் அதன் கனிகள் சிலவற்றைப் பிரித்து எண்ணினேன். ஒன்பதும் இருந்தன, ஏழும் எட்டும் இருந்தன. ஆக, அறிவியல் பெயரும் நம் பெயரைப் போலத்தான்.

இது பல பருவச் செடி. கோடையில் மேலே காய்ந்து போனாலும் அடித்தண்டும் வேரும் கட்டைபோல் இறுகி மண்ணுக்குள் காத்திருக்கும். மழை விழுந்ததும் துளிர்க்கும். அதன் உயிர் வேரில் இருக்கிறது. நாம் பிடுங்குவதும் அந்த வேரைத்தான்.

உலர்தாவரத் தொகுப்புக்கு ஆளுக்கு முப்பது செடி ஒப்படைக்க வேண்டும். சிறு செடி என்றால் வேரோடு இருக்க வேண்டும் என்பது விதி. வகுப்பில் நாற்பது பேர். பூவும் கனியும் ஒருங்கே கிடைக்கிற செடியை யார் விடுவார்? நானும் இரண்டு பிடுங்கினேன். ஒன்று சரியாக அழுத்தப்படாமல் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போயிற்று. சென்ற ஐப்பசியில் அந்த மூலையில் நாற்பத்திரண்டு செடிகள் எண்ணியிருந்தேன். இந்த ஐப்பசியில் பதினேழு.

நாட்டு மருந்துக் கடைகளிலும் இது 'சமூலம்' என்றே விற்கிறது, அதாவது வேர் முதல் பூ வரை. பள்ளிக்கூட வாசலை மிதியாத எங்கள் அப்பாயி, ஆடு மேய்க்கும் காட்டில் இதைக் கண்டால் கிள்ளித்தான் எடுப்பார். "வேரைத் தொடாதேடா, அடுத்த மழைக்கு யார் வருவா?" என்பார். அதை வகுப்பில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது எழுதிவிட்டேன்.

வேரில்லாத மாதிரி முழுமையானதல்ல என்று ஆசிரியப் பெருமக்கள் கூறுவர். உண்மையே. தும்பை போன்ற ஒரு பருவச் செடியானால் எனக்கும் மறுப்பில்லை. விதை சிந்தியபின் அது எப்படியும் மடியப் போகிறது. ஓரிதழ்த் தாமரைக்கு மட்டும், வகுப்புக்கு ஒரே ஒரு வேர் மாதிரி போதாதா? மற்றவர்கள் பூவும் கனியும் உள்ள கிளையைக் கிள்ளி ஒட்டலாம்; வேரைப் பார்த்து வரையலாம். வரைகிறவன்தான் உற்றுப் பார்ப்பான் என்பது என் எண்ணம்.

ஆண்டு விழாவுக்காக மைதானத்தைச் செதுக்கப்போகும் மாணவ நண்பர்களே, மேற்கு மூலையை மட்டும் விட்டுவிடுங்கள். அடையாளத்துக்கு நான்கு செங்கல் நட்டு வைத்திருக்கிறேன்.