பர்போசாவின் மேல் சுமத்திய பழி

1950-ஆம் வருஷம் ஜூலை 16 அன்று ரியோவின் மரக்கானா மைதானத்தில் நடந்த உலகக் கிண்ணக் கால்பந்து ஆட்டத்தில், முன்னிலை பெற்றிருந்த பிரேசில் உருகுவேயிடம் 2-1 என்று தோற்றதற்குக் கோல்காப்பாளர் பர்போசா ஒருவரே காரணம் என நண்பர் சாதிக்கிறார். கைக்கு எட்டிய வெற்றி நழுவும்போது ரசிகர்களின் மனம் துக்கத்தில் ஓர் அபராதியைத் தேடுவது இயற்கைதான். ஆயினும் இந்தத் தீர்ப்பு நியாயத்துக்கு முற்றிலும் விரோதமானது.

66-ஆம் நிமிஷத்தில் வலது ஓரமாகப் பிரேசில் காவல்வீரர் பிகோடேயைக் கடந்துசென்ற உருகுவேயின் கிஜ்ஜியா, பந்தை நடுவே அனுப்பிச் சகவீரர் ஸ்கியாஃபினோவைக் கோல் அடிக்கச் செய்தார். 79-ஆம் நிமிஷத்தில் அதே மனிதர், அதே ஓரமாக, அதே பிகோடேயை மறுபடியும் கடந்து வந்தபோது, பந்து முன்போலவே நடுவே வரும் என்று அனுமானித்துப் பர்போசா ஓரடி விலகினார். அந்தச் சிறு இடைவெளியில், அருகிலிருந்த கம்பத்தை ஒட்டிப் பந்து உள்ளே போயிற்று. கண்ணெதிரே கண்ட அனுபவத்தைக்கொண்டு யூகித்தது குற்றமென்றால், நடுவிலிருந்த 13 நிமிஷங்களில் அந்த வாசலை அடைக்காத காவல்வரிசை செய்தது என்ன?

இன்னொன்று. கிண்ணத்தை வெல்லப் பிரேசிலுக்கு அன்று சமநிலையே போதுமானதாயிருந்தது. முந்தைய ஆட்டங்களில் ஸ்வீடனுக்கு எதிராக ஏழும் ஸ்பெயினுக்கு எதிராக ஆறும் கோல் போட்ட முன்வரிசை, எஞ்சிய அவகாசத்தில் ஒரே ஒரு கோல் போட்டிருந்தாலும் கிண்ணம் கைவிட்டுப் போயிராது. அந்த முன்வரிசையின் அதெமீரையும் சிசின்யோவையும் ஒருவரும் தூற்றவில்லை. கறுப்பரான பர்போசாவோ 2000-இல் கண்மூடும்வரை அந்தப் பழியைச் சுமந்தார். நண்பர் அதை இன்றும் இறக்கிவைக்க மறுப்பது அநீதி.