நல்ல கணினியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்

விண்டோஸ் 10க்கு வழக்கமாகத் தந்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினியில் விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்றவும் வழியில்லை. அதற்காக, நன்றாக ஓடுகிற கணினியைக் காயலான் கடைக்குப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மின்னஞ்சல், யூடியூப், பிள்ளைகளின் பாடம், நாலு கடிதம் தட்டச்சு செய்வது என்ற அளவில் பயன்படுத்துபவருக்கு லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளம் தாராளமாகப் போதும். பென்டிரைவில் ஏற்றி, ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். தமிழ்99 முறையிலும் தட்டச்சு செய்யலாம்.

டிடிபி கடைக்காரரிடம் மட்டும் இதைச் சொல்ல மாட்டேன். அவர் பல ஆண்டுகளாகச் செய்த கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் பேஜ்மேக்கரில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. டாலியில் கணக்கு எழுதுபவர் பாடும் அதுதான். இயங்குதளத்தை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். அதன்மேல் ஓடும் மென்பொருளை விட்டு வருவதுதான் கஷ்டம். பிரான்சின் ழாந்தார்மரி காவல் படை இதை நன்றாகப் புரிந்துகொண்டது. 2005இல் முதலில் ஓப்பன் ஆபிஸ், அப்புறம் ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட் என்று பழக்கிவிட்டு, 2008இல்தான் உபுண்டுவுக்குப் போகத் தொடங்கியது. வீட்டுக்கும் அந்த வரிசையே சரி. இன்றைக்கு விண்டோஸிலேயே, ஓப்பன் ஆபிஸின் வழிவந்த லிப்ரே ஆபிஸைப் போட்டுப் பழக ஆரம்பியுங்கள்.