சந்தா ரூபாயில்... பில் டாலரில்! ஆட்டோ பேமெண்ட்டில் கரன்சி திடீரென மாறுவது ஏன்? முழு விளக்கம்

"மாசம் 1,999 ரூபாய்தானே, ஆட்டோ பே போட்டு விட்டுடலாம்" என்று கார்டு நம்பரைக் கொடுத்துவிட்டு, அப்படியே மறந்து போகிறவர்கள்தான் அதிகம். ஆறு மாதம் வரை ஒரு பிரச்னையும் இருக்காது. ஏழாவது மாதம் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பார்த்தால், அதே நிறுவனத்தின் பெயருக்கு நேராக 'யுஎஸ்டி' என்று ஒரு வரி. கீழே புரியாத பெயரில் இன்னும் இரண்டு சின்னத் தொகைகள். விலையை ஏற்றியதாக எந்த மெயிலும் வரவில்லை. நீங்களும் எதையும் மாற்றவில்லை. அப்புறம் எப்படி?

சந்தா என்றால் ஒரு காலத்தில் வாரப் பத்திரிகைக்கு மணியார்டர் அனுப்புவதுதான். கொடுத்தது எவ்வளவு என்று ரசீதிலேயே தெரிந்துவிடும். இப்போது ஓடிடி, கிளவுட் ஸ்டோரேஜ், டிசைன் சாஃப்ட்வேர், ஏஐ செயலி என்று மாதம் நாலைந்து இடங்களில் தானாகவே பணம் போகிறது. எந்த நாட்டு நிறுவனத்துக்கு, எந்தக் கரன்சியில் போகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

கரன்சியை முடிவு செய்வது யார்?

நீங்கள் அல்ல. பெரும்பாலும் நிறுவனத்தின் சிஸ்டம்தான். அது உங்களை எந்த நாட்டுக்காரர் என்று நினைக்கிறதோ, அந்த நாட்டு விலையும் கரன்சியும் வரும். அதற்கு அது சில விஷயங்களைப் பார்க்கும்: அக்கவுண்ட் எந்த நாட்டில் பதிவானது, பில்லிங் அட்ரஸ் என்ன, எந்த ஊரில் இருந்து இன்டர்நெட்டில் நுழைகிறீர்கள், கார்டு எந்த நாட்டு வங்கியுடையது. கடைசியாகச் சொன்னதைக் கார்டு நம்பரின் முதல் சில இலக்கங்களே காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் ஏதாவது ஒன்று மாறினால் போதும். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போனவர் அங்குள்ள வங்கிக் கார்டை, ஊரில் தொடங்கிய அக்கவுண்ட்டில் சேர்க்கிறார். ஒருவர் விபிஎன்னை ஆன் செய்து வைத்தபடியே சந்தாவைப் புதுப்பிக்கிறார். இன்னொருவர் பழைய கார்டு எக்ஸ்பயர் ஆனதால் புதுக் கார்டைச் சேர்க்கும்போது, நாடு என்ற கட்டத்தில் தானாக வந்து நின்ற 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்பதைக் கவனிக்காமல் ஓகே கொடுக்கிறார். அடுத்த பில் வேறு கரன்சியில் வர இதில் எதுவும் காரணமாகலாம்.

செயலிக்குள் இருந்து வாங்கினீர்களா, வெப்சைட்டில் வாங்கினீர்களா என்பதும் முக்கியம். ஆப் ஸ்டோர், ப்ளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்தால் ஸ்டோரின் நாட்டு செட்டிங்தான் கணக்கு. அதே சேவையை நிறுவனத்தின் வெப்சைட்டில் நேரடியாக வாங்கினால் கரன்சியே வேறாக இருக்கலாம். கூகுள் ப்ளேயில் நாட்டை ஆண்டுக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும். ஆப்பிளில் நாட்டை மாற்றுவதற்கு முன் இருக்கிற சந்தாக்களை ரத்து செய்து, அக்கவுண்ட்டில் மிச்சமிருக்கும் பணத்தையும் தீர்த்தாக வேண்டும். அவசரத்தில் மாற்றிவிட்டு உடனே பழையபடி திரும்ப முடியாது.

நிறுவனமே மாற்றினால்?

இதுதான் பயனாளர் கையில் இல்லாத பகுதி. 2023 நவம்பர் 20-ல் ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளம் துருக்கியில் லிராவையும் அர்ஜென்டினாவில் பெசோவையும் கைவிட்டு டாலருக்கு மாறியது. இரண்டு கரன்சிகளும் தாறுமாறாக ஏறி இறங்கியதால் விலை வைப்பதே கஷ்டமாக இருக்கிறது என்பது அந்தத் தளத்தின் வாதம். மாதச் சந்தா இல்லை, கேம் விற்பனைதான். ஆனாலும் ஒரே நாளில் ஒரு நாட்டின் கரன்சி எப்படிக் காணாமல் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அந்த இரு நாட்டுப் பயனாளர்களுக்கும் பல கேம்களின் விலை பல மடங்கு எகிறியது.

2024 ஜூனில் யூடியூப் வேறு வழியில் வந்தது. விபிஎன் போட்டு, விலை குறைவான நாட்டில் இருப்பதுபோல் காட்டி பிரீமியம் வாங்கியவர்களின் சந்தாக்கள் ரத்தாகத் தொடங்கின. பதிவு செய்த நாடும் இப்போது பார்க்கும் நாடும் பொருந்தாவிட்டால், பில்லிங் விவரத்தைத் தற்போதைய நாட்டுக்கு மாற்றச் சொல்வோம் என்றது நிறுவனம். இதில் குறுக்கு வழி போனவர்களுக்காகப் பெரிதாக வருத்தப்பட வேண்டியதில்லை. ஆனால் உண்மையாகவே நாடு மாறிப் போனவர்களையும் சிஸ்டம் அதே கண்ணால்தான் பார்க்கும்.

மாற்றம் நல்லபடியாகவும் நடக்கும். சாட்ஜிபிடி பிளஸ் சந்தா இந்தியர்களுக்கு நீண்ட நாள் 20 டாலராகத்தான் இருந்தது, ஜிஎஸ்டி தனி. 2025 ஆகஸ்டில் ரூபாய் விலையும் யுபிஐ வசதியும் வந்தன. மாதம் 1,999 ரூபாய் என்று ஆனது.

டாலரில் கழிந்தால் எவ்வளவு கூடும்?

அதே 20 டாலரை வைத்துப் பார்ப்போம். வெளிநாட்டு நிறுவனங்களின் ஆன்லைன் சேவைக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. ஆக 23.60 டாலர். ஒரு டாலர் 85 ரூபாய் என்றால் 2,006 ரூபாய். இதோடு முடியவில்லை. வெளிநாட்டுக் கரன்சியில் கழிந்தால் வங்கி 'ஃபாரெக்ஸ் மார்க்கப்' என்று ஒரு கட்டணம் எடுக்கும். பல கார்டுகளில் இது 3.5%. பிரீமியம் கார்டுகளில் 2% அளவுக்கும் உண்டு. 3.5% என்றால் 70 ரூபாய். அந்தக் கட்டணத்துக்கும் 18% ஜிஎஸ்டி, ஏறக்குறைய 13 ரூபாய். ஆக மொத்தம் 2,089 ரூபாய். ஸ்டேட்மென்ட்டில் பார்த்த அந்த இரண்டு சின்னத் தொகைகள் இவைதான்.

இப்போது டாலர் 90 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே சந்தா 2,212 ரூபாய் ஆகிவிடும். நிறுவனம் ஒரு சென்ட் கூட ஏற்றவில்லை, ஆனால் உங்களுக்கு மாதம் 123 ரூபாய் கூடுதல். இலங்கையில் 2022-ல் ஒரு டாலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை போனபோது, டாலரில் சந்தா கட்டியவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று இந்தக் கணக்கை வைத்தே ஊகிக்கலாம்.

இன்னொரு விஷயம். பணம் எடுத்த நாளின் ரேட்டும் ஸ்டேட்மென்ட்டில் ஏறும் ரேட்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கார்டு நெட்வொர்க்கில் கணக்கு முடியும் நாளின் ரேட்தான் செல்லும். அதனால் கூகுளில் அன்றைய டாலர் மதிப்பைப் பார்த்துப் பெருக்கினால் கணக்கு இடிக்கத்தான் செய்யும்.

ரூபாய் என்று இருந்தாலும் கட்டணமா?

ஆமாம், இதுதான் பலருக்கும் அதிர்ச்சி. திரையில் 1,999 ரூபாய், ஸ்டேட்மென்ட்டிலும் 1,999 ரூபாய். ஆனால் அந்த நிறுவனம் பணம் வாங்கும் கணக்கு வெளிநாட்டில் பதிவாகியிருந்தால், அது வெளிநாட்டுப் பரிவர்த்தனையாகவே கருதப்படும். இதற்குப் பல வங்கிகள் 1% கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் போடுகின்றன. 1,999 ரூபாய்க்கு சுமார் 24 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் "இந்திய விலை" என்று சொல்லி விற்றுவிட்டு, பில்லில் வெளிநாடு என்று காட்டினால் வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்? பணம் கட்டும் பக்கத்திலேயே இதைச் சொல்ல வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. பெரும்பாலும் சொல்வதில்லை.

சம்மதம் கொடுத்தது எதற்கு?

இந்தியாவில் கார்டு ஆட்டோ பேமெண்ட்டுக்கு ரிசர்வ் வங்கியின் தனி விதி இருக்கிறது. 2019 ஆகஸ்டில் வந்த இ-மேண்டேட் விதிமுறை, இரண்டு ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டு நிறுவனம், வெளிநாட்டு நிறுவனம் இரண்டுக்கும் இது பொருந்தும். அந்த மாதம் பலருடைய வெளிநாட்டுச் சந்தாக்கள் திடீரென ஃபெயில் ஆனது ஞாபகம் இருக்கலாம். காரணம் இந்த விதிதான்.

முதல் முறை ஓடிபி மாதிரியான கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வங்கி தகவல் அனுப்ப வேண்டும். நிறுவனத்தின் பெயர், தொகை, தேதி, எதற்காக என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் அதிலிருந்தே விலகவும் வழி உண்டு. மேண்டேட்டில் மாற்றம் செய்தால் மறுபடியும் சரிபார்ப்பு தேவை. இந்த வசதிக்கு வாடிக்கையாளரிடம் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டை எங்கே என்றால், மேண்டேட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நிலையான தொகை. இன்னொன்று, உச்சவரம்புக்குள் மாறும் தொகை. 1,999 ரூபாய் என்று நிலையாகப் பதிவாகியிருந்தால், கரன்சி மாறி 2,212 ரூபாய் கேட்கும்போது அது அப்படியே போய்விடாது. 'அதிகபட்சம் 15,000 ரூபாய் வரை' என்று பதிவாகியிருந்தால்? 2,212 என்ன, 9,000 ரூபாய் கேட்டாலும் ஓடிபி இல்லாமல் போகும். அந்த 15,000 என்பது 2022 ஜூனில் ரிசர்வ் வங்கி உயர்த்திய வரம்பு, அதற்கு முன் 5,000. ஓடிபி போடும் அவசரத்தில் அந்த உச்சவரம்பு வரியை யாரும் படிப்பதில்லை. கரன்சி மாற்றம் சத்தமில்லாமல் நுழைவது இந்த வழியாகத்தான்.

இதே வரம்பு எதிர்த் திசையிலும் கடிக்கும். ஆண்டுக்கு 180 டாலர் கட்டும் ஒரு டிசைனரை எடுத்துக்கொள்ளுங்கள். டாலர் 80 ரூபாயாக இருந்தபோது 14,400 ரூபாய், ஓடிபி இல்லாமல் புதுப்பித்துவிடும். 85 ஆனதும் 15,300 ரூபாய். வரம்பைத் தாண்டியாச்சு. ஓடிபி கேட்கும், அதைப் பார்க்காமல் விட்டால் பேமெண்ட் ஃபெயில். வேலைக்கு நடுவில் சாஃப்ட்வேர் திறக்கவில்லை என்றால் காரணம் ரூபாய் மதிப்பாகவும் இருக்கலாம்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, வங்கி ஆப்பில் 'இ-மேண்டேட்' அல்லது 'ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்' பகுதியைத் திறந்து பாருங்கள். எத்தனை சந்தா ஓடுகிறது, ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு என்ன என்று தெரியும். மறந்தே போன ஒன்றிரண்டு கண்டிப்பாக அகப்படும். வரம்பு மாதத் தொகையைவிடப் பல மடங்கு இருந்தால், ரத்து செய்துவிட்டு ரூபாய் விலையில் புதிதாகப் பதிவு செய்வது நல்லது. யுபிஐ ஆட்டோ பே கிடைக்கும் இடங்களில் அது இன்னும் தெளிவு, எல்லாமே ரூபாய்க் கணக்கு.

ரூபாயில் மட்டுமே செலவு செய்பவர் என்றால், கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனையை ஆஃப் செய்து வைக்கலாம். இந்த ஸ்விட்சை வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும் என்பது 2020-ல் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவு. ஆனால் ஆஃப் செய்தால், ரூபாயில் பில் போட்டும் வெளிநாட்டில் பதிவான சேவைகளும் நின்று போகலாம். முக்கியமான சேவை எதுவும் அதில் இல்லை என்று பார்த்துவிட்டு ஆஃப் செய்யுங்கள்.

ஏற்கெனவே டாலரில் கழிந்துவிட்டதா? முதலில் நிறுவனத்துக்கு எழுதி, சேர்ந்தபோது காட்டிய ரூபாய் விலையின் ஸ்க்ரீன்ஷாட் அல்லது பழைய இன்வாய்ஸை அனுப்புங்கள். பதில் சரியில்லை என்றால் வங்கியில் 'டிஸ்ப்யூட்' பதிவு செய்யலாம். 24 மணி நேரத்துக்கு முன் தகவல் வந்ததா என்பதையும் அந்தப் புகாரிலேயே கேளுங்கள், வரவில்லை என்றால் உங்கள் பக்கம் வலுவாகும். 30 நாளில் வங்கி தீர்க்காவிட்டாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் இலவசமாகப் புகார் கொடுக்கலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

ரீஃபண்ட் கிடைத்தாலும் ஒரு சிக்கல். டாலரில் போன பணம் டாலரில்தான் திரும்பும், அது வந்து சேரும் நாளின் ரேட்டில் ரூபாயாகும். மார்க்கப் கட்டணம் தானாகத் திரும்பி வரும் என்று நம்பி இருக்க வேண்டாம். 2,212 ரூபாய் போய் 2,100 ரூபாய் வந்தால், மீதி எங்கே என்று வங்கியிடம் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும்.