சத்து மாத்திரை தின்றால் கால் ஓடுமா?

விடிகாலை 5 மணிக்கு மெரினா கடற்கரை சாலையைப் பார்த்தால் ஓட்டமும் நடையுமாக ஒரே கூட்டம்! மாரத்தான் பந்தயத்தில் 42 கிலோமீட்டர் ஓட ஆசைப்பட்டுப் பழகுகிறவர்களும் அதில் உண்டு. ஆபீஸ் குமாஸ்தா இருக்கிறார், கடை முதலாளி இருக்கிறார், காலேஜ் பையனும் இருக்கிறான்.

நல்ல காரியம்தான். ஆனால், ஓடி முடித்ததும் சிலர் பையிலிருந்து ஒரு டப்பா வெளியே வருகிறது. வைட்டமின் 'சி', வைட்டமின் 'ஈ', 'ஆன்டி-ஆக்சிடென்ட்' என்று அதன்மேல் கொட்டை எழுத்து. "இதைப் போட்டுப் பாருங்க சார், களைப்பே தெரியாது" என்று சொல்லி விற்றிருப்பார்கள்.

காசு போவது ஒரு பக்கம். பட்ட பாடும் வீணாகலாம் என்பதுதான் வேதனை.

போக்கிரியா, தபால்காரனா?

ஓடும்போது தசைகள் பிராணவாயுவை ஏகமாக இழுக்கின்றன. அப்போது 'ப்ரீ ராடிக்கல்' என்ற பொருள் உடம்பில் கூடுதலாக உண்டாகிறது. அளவு மீறினால் இது செல்களைக் கெடுக்கும். வைட்டமின் 'சி'யும் 'ஈ'யும் அதை அடக்கும். "அப்போ நிறைய விழுங்கினால் நல்லதுதானே?" இதுதான் வியாபாரிகள் போட்ட கணக்கு.

கணக்கு தப்பு! அந்தப் போக்கிரிதான் தபால்காரனும்கூட. "வேலை கூடிவிட்டது, பலத்தைக் கூட்டு" என்ற சேதியை தசைக்குக் கொண்டு போகிறவன் அவன். சேதி கிடைத்தால்தான் தசைக்குள் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்டிரியா பெருகும். உடம்பு தன் தற்காப்பையும் தானே பலப்படுத்திக்கொள்ளும். திருடன் என்று தபால்காரனை அடித்து விரட்டினால் கடிதம் எப்படி வந்து சேரும்?

நார்வே சோதனை

நார்வே நாட்டில் 54 வாலிபர்களையும் பெண்களையும் வைத்து 11 வாரம் சோதித்தார்கள். முடிவு 2014-ல் வெளியானது. பாதிப் பேருக்கு தினம் 1,000 மில்லிகிராம் 'சி', 235 மில்லிகிராம் 'ஈ'. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை.

ஓட்டத்தில் இரு தரப்பும் சமம். ஆனால் தசையைச் சோதித்தபோது, மைட்டோகாண்டிரியா பெருகும் அடையாளம் வெறும் மாத்திரை தின்றவர்களிடம்தான் கூடியிருந்தது!

ஜெர்மனியில் சுமார் 40 வாலிபர்களைச் சோதித்த முடிவு 2009-ல் வந்தது. உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்தது, வைட்டமின் மாத்திரை போடாதவர்களுக்குத்தான். சர்க்கரை வியாதிக்குப் பயந்து ஓடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லா ஆராய்ச்சியிலும் இப்படிக் கெடுதல் தெரிந்துவிடவில்லை. வைட்டமின் 'சி'யை அடியோடு தள்ளவும் முடியாது. தென்னாப்பிரிக்காவில் 'காம்ரேட்ஸ்' என்று சுமார் 90 கிலோமீட்டர் ஓட்டம் உண்டு. அதில் ஓடியவர்களைப் பற்றி 1993-ல் வந்த ஆராய்ச்சியில், வெறும் மாத்திரை தின்றவர்களில் 100-க்கு 68 பேருக்கு பந்தயத்துக்குப் பிறகு சளி, தொண்டை உபாதை. தினம் 600 மில்லிகிராம் 'சி' சாப்பிட்டவர்களில் 33 பேருக்குத்தான். ஆனால் பந்தயத்தை ஒட்டிச் சாப்பிடுவது வேறு. வருஷம் பூரா விழுங்குவது வேறு.

டப்பாவுக்குள் என்ன?

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2000, 2001-ம் ஆண்டுகளில் 13 நாடுகளில் 634 சத்துப் பொருள்களை வாங்கி, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் ஆதரவில் சோதித்தார்கள். 94-ல், லேபிளில் எழுதாத ஹார்மோன் சரக்கு கலந்திருந்தது!

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலையும் போலீஸ் வேலையும் கிடைக்கும் என்று ஓடுகிற ஏழை வீட்டுப் பையன் கதி என்ன? ஊக்க மருந்து சோதனையில் சிக்கினால், "தெரியாம தின்னுட்டேன்" என்று அழுதாலும் பொறுப்பு அவனுடையதுதான். தண்டனை வேண்டுமானால் குறையலாம். போன பெயர் திரும்புமா?

கொய்யா இருக்கிறதே!

ஆண்களுக்கு நாள் ஒன்றுக்கு 80 மில்லிகிராம் வைட்டமின் 'சி' போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஒரு கொய்யாப்பழம் தின்றால் அந்தக் கணக்கு தீர்ந்தது. நெல்லிக்காய், முருங்கைக் கீரை, எலுமிச்சை எல்லாம் நம் மார்க்கெட்டிலேயே இருக்கின்றன.

டாக்டர் சொன்னால் மாத்திரை சாப்பிட வேண்டியதுதான். கடைக்காரர் சொன்னார், கூட ஓடுகிறவர் சொன்னார் என்று சாப்பிடக் கூடாது. பயிற்சி கொடுக்கிறவர்களும் பையன்கள் கையில் டப்பாவைக் கொடுக்குமுன் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். கெட்டுப் போனால் அவன் பிழைப்பல்லவா கெடும்?