பிழையற்ற மலர் நம் பொறுப்பு

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஒற்றுப்பிழை மலிந்திருப்பின் அது துறைக்கே இழுக்காகும். ஆயினும், கட்டுரையை எழுதிக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்தது, எழுத்துப்பிழைக்குக் கணினி அச்சுக்கோப்பவரே பொறுப்பு என்னும் மனப்போக்கு நம்மிடையே வேரூன்றியுள்ளது. இது மாற வேண்டும்.

1985இல் வெளிவந்த பேஜ்மேக்கர் மென்பொருள், 1990களில் தமிழகத்து டி.டி.பி. நிலையங்களில் பெரிதும் வழங்கியது. அதில் 'ஸ்டோரி எடிட்டர்' என்னும் திருத்தச் சாளரம் உண்டு. உரைப்பகுதியைத் தேர்ந்து கண்ட்ரோல், ஈ விசைகளை அழுத்தினால் அது திறக்கும். பத்தி அகலம், படம், அலங்காரம் எதுவும் அங்குக் கண்ணைப் பறிப்பதில்லை. பல பக்கங்களில் பரவிய கட்டுரையும் ஒரே தொடர்ச்சியாகக் கிடைக்கும். பின்வந்த இன்டிசைன் மென்பொருளிலும் இத்தகைய சாளரம் உண்டு.

தமிழுக்கு இதில் ஓர் இடர் நேர்ந்தது. பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்தவை. ஆதலின் சாளரம் திறந்ததும் தமிழ் மறைந்து ஆங்கிலக் குறிகள் தோன்றும். அஞ்சிச் சாளரத்தை மூடியவர் பலர். விருப்பத் தேர்வுகளில் அச்சாளரத்திற்கும் அதே தமிழ் எழுத்துருவைக் குறித்தால் இடர் நீங்கும்.

ஒரே கட்டுரையில் ஒருவர் பெயரே முஹம்மது, முகம்மது, முகமது என மூவகையாக வருவதைக் காண்கிறோம். தேடி மாற்றும் வசதியால் இதனை நொடியில் சீராக்கலாம். ஆனால், 'அனைத்தையும் மாற்று' என்று கண்மூடி ஆணையிடலாகாது. 'கரை' என்பதைக் 'கறை' ஆக்கப் புகுந்தால், ஆற்றங்கரை 'ஆற்றங்கறை' ஆகிவிடும். அக்கரையோ 'அக்கறை' ஆகிவிடும்! எவ்விடத்தில் எது பொருந்தும் என்பதைத் தமிழ் கற்றவரே அறிவர்.

இது தொழிலாளர் வேலை எனச் சிலர் கூறலாம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், மெய்ப்புத் திருத்தத்தைத் தாழ்ந்த பணியாகக் கருதினாரில்லை. நம் குத்தம்பாக்கத்தில் 1996இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ, ஊர் தன் தேவையைத் தானே நிறைவு செய்துகொள்ள வேண்டும் என்னும் கொள்கையை முன்வைத்தார். ஊருக்கு வேண்டிய அத்தன்னிறைவு மொழித்துறைக்கும் வேண்டுமன்றோ?

ஆண்டுதோறும் மாணவர் சிலரை இப்பணியில் பயிற்றுவோம். கட்டுரைகளை முதலில் திருத்தச் சாளரத்தில் செப்பம் செய்து, அதன்பின் பக்கம் அமைக்கக் கொடுப்போம். சமுதாயப் பெரியோர் இதற்கெனத் துறைக்கு ஒரு கணினி வழங்கினால், அது தமிழுக்குச் செய்யும் நற்றொண்டாகும்.